மங்கா கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நூலகர் தயாராவது எப்படி: சொற்கள், செலவு, படிவங்கள்

"அக்கா, ஜேஜேகே ஒம்பது இருக்குங்களா?"

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். ஏதோ பரீட்சை கைடு என்று நினைத்துக்கொண்டு, "அது நம்மகிட்ட வர்றதில்லையே கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது 'ஜுஜுட்சு கைசென்' என்ற ஜப்பானியப் படக்கதையின் ஒன்பதாம் தொகுதி. அது தெரியவர எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்தப் பையன் அதற்கப்புறம் நான்கு மாதம் நூலகத்துப் பக்கமே வரவில்லை.

கோவையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகம் எங்களுடையது. அந்த வருடமே மங்கா வாங்கத் தொடங்கினோம். தப்பான பதிப்பு, போலிப் பிரதி, பாதியில் நின்ற தொடர் என்று முதல் வருடத்திலேயே 14,000 ரூபாய்க்கு மேல் வீணானது. அடுத்து இந்த வேலையில் இறங்கும் நூலகருக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் படக்கதை ரசிகராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நான் இன்னும் முழு ரசிகை ஆகவில்லை. பிள்ளை சொல்லும் சொல் புரிந்தால் போதும், சரியான புத்தகம் கைக்கு வந்துவிடும்.

1. எது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஜப்பானிய அசைபடம் அனிமே. ஜப்பானிய அச்சுப் படக்கதை மங்கா. அதை வரைபவர் மங்காகா. தமிழில் சிலர் 'மாங்கா' என்று எழுதுகிறார்கள். எங்கள் பட்டியலில் அப்படிப் போட்டபோது தோட்டக்கலைப் புத்தகமும் சேர்ந்து வந்தது, அதனால் 'மங்கா' என்றே வைத்துக்கொண்டேன். எப்படி எழுதினாலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இந்த இரண்டோடு நின்றுவிட்டால் கடையில் ஏமாறுவீர்கள். இன்னும் மூன்று சொற்கள் வேண்டும்.

லைட் நாவல்: இது உரைநடை. நடுநடுவே சில படங்கள் இருக்கும், அட்டை மட்டும் அப்படியே மங்கா போலத் தெரியும். 'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' போன்ற கதைகள் நாவலாகவும் வருகின்றன, மங்காவாகவும் வருகின்றன. நான் படக்கதை என்று நினைத்து வாங்கிய நான்கு புத்தகங்கள் நாவலாக வந்து இறங்கின. ஆர்டர் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் 'மங்கா' அல்லது 'லைட் நாவல்' என்று எழுதி, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

மன்ஹ்வா: கொரியப் படக்கதை. இப்போது பிள்ளைகள் அதிகம் கேட்கும் 'சோலோ லெவலிங்' இந்த வகை. ஜப்பானில் அனிமேயாக எடுத்ததால் எல்லோரும் மங்கா என்றே கேட்பார்கள். திருத்த வேண்டாம், எடுத்துக் கொடுங்கள். மான்ஹுவா என்றால் சீனப் படக்கதை.

வெப்டூன்: கைபேசியில் மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கவென்றே வரைவது, பெரும்பாலும் வண்ணத்தில்.

படிக்கும் திசையும் இதோடு சேர்ந்தது. மங்கா வலமிருந்து இடம் போகும். கொரியப் படக்கதை நம் புத்தகம் போல இடமிருந்து வலம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் பட்ட பாட்டை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

2. ஷோனன், ஷோஜோ என்பது வயதுச் சான்று இல்லை

ஜப்பானில் மங்கா முதலில் வார, மாத இதழ்களில் தொடராக வருகிறது. அந்த இதழ் யாரைக் குறிவைத்து விற்கிறதோ அதை வைத்துத்தான் இந்தப் பெயர்கள். ஷோனன் என்றால் பையன்கள், ஷோஜோ என்றால் பெண்பிள்ளைகள், செய்னென் வளர்ந்த ஆண்கள், ஜோசெய் வளர்ந்த பெண்கள், கொடோமோ சின்னக் குழந்தைகள். கதையின் உள்ளடக்கத்தை இது சொல்லாது. பையன்களுக்கான இதழ் என்பதால் பெண்கள் படிப்பதில்லை என்றும் எண்ண வேண்டாம். எங்கள் நூலகத்தில் கைப்பந்துக் கதையான 'ஹைக்யூ'வை அதிகம் எடுப்பது பெண்பிள்ளைகள்தான்.

இதற்கு நம் வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழ் டப்பிங்கில் நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ஷின்சான், ஜப்பானில் 1990இல் பெரியவர்களுக்கான ஒரு வார இதழில் தொடங்கிய படக்கதை. அந்தப் பையனின் பேச்சைக் கேட்டு முகம் சுளித்த பெற்றோர் யாராவது இருந்தால், அவர்கள் சுளித்ததில் நியாயம் உண்டு.

ஆகவே வயதைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஆங்கிலப் பதிப்பின் பின்னட்டையில் ஒரு குறி இருக்கும். விஸ் மீடியா என்ற பதிப்பகத்தில் 'ஏ' என்றால் எல்லா வயதினருக்கும், 'டி' 13க்கு மேல், 'டி பிளஸ்' 16க்கு மேல், 'எம்' 18க்கு மேல். யென் பிரஸ் 16க்கு மேற்பட்டதற்கு 'ஓடி' என்று போடுகிறது. கோடான்ஷா நேரடியாக எண்ணையே போடுகிறது. 'நருட்டோ', 'ஒன் பீஸ்', 'டீமன் ஸ்லேயர்' மூன்றும் 'டி'. 'டெத் நோட்' 'டி பிளஸ்'.

இந்தக் குறியையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். 'எ சைலன்ட் வாய்ஸ்' என்ற ஏழு தொகுதிக் கதை, காது கேளாத ஒரு சிறுமியைப் பள்ளியில் துன்புறுத்திய பையன் பிற்பாடு அவளைத் தேடிப் போவதைச் சொல்கிறது. ஒவ்வொரு நூலகத்திலும் இருக்க வேண்டியது. ஆனால் அதில் தற்கொலை முயற்சி வருகிறது. அதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றல்ல. முதல் தொகுதியையும் நடுவில் ஒரு தொகுதியையும் நீங்களே படியுங்கள். ஒரு தொகுதிக்கு முக்கால் மணி நேரம் போதும்.

காதில் விழும் இன்னும் சில சொற்கள்: 'எச்சி' என்றால் கவர்ச்சி கலந்தது. 'ஃபேன் சர்வீஸ்' என்றால் கதைக்குத் தேவையில்லாமல் ரசிகருக்காகச் சேர்த்த காட்சி, பெரும்பாலும் கவர்ச்சிக் காட்சி. 'ஹென்டாய்' முழுக்க வயதுவந்தோருக்கான பாலியல் படைப்பு, நம் அலமாரிக்கு வரவே கூடாது. 'பிஎல்' ஆண்களுக்கிடையிலான காதல் கதை, 'யூரி' பெண்களுக்கிடையிலானது. இவற்றில் பள்ளி வயதுக்கு ஏற்ற மென்மையான கதைகளும் உண்டு, பெரியவர்களுக்கானவையும் உண்டு. வகையைப் பார்த்து ஒதுக்காமல் குறியைப் பார்த்து முடிவெடுங்கள்.

3. கேள்வியைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன நோட்டு

ஒரே புத்தகத்துக்கு மூன்று பெயர் இருக்கும்: ஜப்பானியப் பெயர், ஆங்கிலப் பெயர், சுருக்கம். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். 'ஷிங்கெகி நோ கியோஜின்', 'அட்டாக் ஆன் டைட்டன்', 'ஏஓடி' மூன்றும் ஒன்று. 'கிமெட்சு நோ யாய்பா'தான் 'டீமன் ஸ்லேயர்'. 'போக்கு நோ ஹீரோ அகடெமியா'வும் 'எம்ஹெச்ஏ'வும் 'மை ஹீரோ அகடெமியா'. 'கோயெ நோ கடாச்சி' நான் மேலே சொன்ன 'எ சைலன்ட் வாய்ஸ்'.

கவுன்டரில் ஒரு 80 பக்க நோட்டு வையுங்கள். புதிதாக ஒரு பெயர் கேட்டால் அந்தப் பிள்ளையிடமே எழுதித் தரச் சொல்லுங்கள். "எனக்குத் தெரியல கண்ணு, நீ சொல்லிக்குடு" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் சலித்துக்கொள்ளாது. என் நோட்டில் பாதிக்கு மேல் அவர்கள் கையெழுத்துதான்.

அப்புறம், தொகுதி எண் தெரியாமல் கேட்பவர்கள். "அனிமே முடிஞ்ச எடத்துல இருந்து வேணுங்க" என்பார்கள். கதையின் ஒரு பெரும் பகுதிக்கு 'ஆர்க்' என்று பெயர். எந்த ஆர்க் எந்தத் தொகுதியில் தொடங்குகிறது என்று குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. 2025 செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் இந்தியாவில் வெளியானது, தமிழ் டப்பிங்கும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் தொகுதியைக் கேட்கவில்லை. அந்த ஆர்க் தொடங்குவது 16ஆம் தொகுதியின் கடைசிப் பகுதியில். 16 முதல் 21 வரை தட்டில் இருந்திருந்தால் அந்த மாதம் யாரும் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்கள். எங்களிடம் 12 வரைதான் இருந்தது.

'ஃபில்லர்' என்றும் கேட்பீர்கள். மங்காவில் இல்லாமல் அனிமேயில் மட்டும் இட்டு நிரப்பிய பகுதி அது. புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

4. வாங்கும் முன் தொகுதிகளை எண்ணுங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான படி இது.

மங்கா ஒரு புத்தகம் இல்லை, வரிசை. முதல் தொகுதியைத் தட்டில் வைத்தாலே கடைசித் தொகுதி வரை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தது போலத்தான். 'டெத் நோட்' 12 தொகுதிகளில் முடிகிறது. நாங்கள் 11 வாங்கிய நேரத்தில் அந்த வருடப் பணம் தீர்ந்தது. ஒரு பெண் வாரா வாரம் வந்து தட்டைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போவாள். அந்தக் கடைசித் தொகுதி வர ஏழு மாதம் ஆனது. அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் வாங்கும் ஆங்கிலப் பதிப்புகள் இப்போது தொகுதிக்கு ஏறக்குறைய 400 முதல் 600 ரூபாய். சராசரி 450 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்:

'எ சைலன்ட் வாய்ஸ்' 7 தொகுதி, 3,150 ரூபாய்.
'டெத் நோட்' 12 தொகுதி, 5,400.
'டீமன் ஸ்லேயர்' 23 தொகுதி, 10,350.
'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 27 தொகுதி, 12,150.
'அட்டாக் ஆன் டைட்டன்' 34 தொகுதி, 15,300.
'நருட்டோ' 72 தொகுதி, 32,400.
'ஒன் பீஸ்' 1997இல் தொடங்கி 100 தொகுதியைத் தாண்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 45,000க்கு மேல் போகும், முடிவும் தெரியாது.

பிள்ளைகள் முதலில் 'ஒன் பீஸ்'தான் கேட்பார்கள். ஆண்டுக்கு 20,000 ரூபாய் கையில் இருக்கும் நூலகம் அதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முடிந்துபோன, 30 தொகுதிக்குள் அடங்கும் மூன்று கதைகளை முழுதாக வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்கு 'யோட்சுபா'. ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை போல இருப்பதால் நடுவில் ஒரு தொகுதி இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

எத்தனை தொகுதி, முடிந்ததா இல்லையா என்பதை 'மைஅனிமேலிஸ்ட்' தளத்தில் பெயரைப் போட்டால் பார்த்துவிடலாம். அங்கே தருவது ஜப்பானியப் பதிப்பின் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் அதே எண்ணிக்கை வந்திருக்கிறதா என்று பதிப்பகத் தளத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

கடையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் நான்கு:

மூன்று-ஒன்றாகப் பதிப்பு. மூன்று தொகுதிகளை ஒரே தடிப் புத்தகமாகப் போடுவார்கள். இதன் '2' என்பது பழைய 4, 5, 6. நான் தனித் தொகுதி 1, 2, 3 வைத்திருந்தபோது '4' என்று ஆர்டர் போட்டேன். வந்தது தடிப் புத்தகம் 4, அதாவது 10, 11, 12. நடுவில் ஆறு தொகுதிகள் இல்லை. ஒரு தொடரை எந்தப் பதிப்பில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

பெயர் மாறும் தொடர். 'டிராகன் பால்' ஜப்பானில் 42 தொகுதி. விஸ் மீடியா அதை 'டிராகன் பால்' 16, 'டிராகன் பால் இசட்' 26 என்று இரண்டாகப் பிரித்து வெளியிட்டது. 17ஆம் தொகுதியைத் தேடி அலைய வேண்டாம்.

பாக்ஸ் செட். 'டீமன் ஸ்லேயர்' முழுத் தொடரும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது, தனித்தனியாக வாங்குவதைவிடப் பல சமயம் மலிவு. ஆனால் ஒரு தொகுதி தொலைந்தால் தனியாக வாங்கும்போது அட்டை, அளவு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போலிப் பிரதி. இதுதான் எங்களை அதிகம் அடித்தது. 150, 180 ரூபாய்க்குத் தொகுதி கிடைக்கிறது என்று ஒரு விற்பனையாளர் சொன்னதை நம்பி 30 புத்தகம் வாங்கினோம். சாம்பல் நிறப் பகுதிகளில் எல்லாம் பூச்சி பூச்சியாகக் கோடு. பக்க ஓரத்தில் வசனம் வெட்டுப்பட்டிருந்தது. முதுகுப் பசை இரண்டாவது வாசகரிடமே விட்டுப்போனது. விலை அச்சிட்ட விலையில் பாதிக்கும் கீழே என்றால் வாங்காதீர்கள். முதலில் ஒரே ஒரு பிரதி வரவழைத்து, நடுப்பக்கத்தைத் திறந்து, சாம்பல் நிறம் சீராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விஸ் மீடியா புத்தகங்களை இந்தியாவில் சைமன் அண்ட் ஷூஸ்டர் இந்தியா விநியோகிக்கிறது. அவர்களிடம் எடுக்கும் கடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவையான காகிதங்கள்: கொட்டேஷன், ஐஎஸ்பிஎன் பட்டியலோடு ஆர்டர் கடிதம், பில். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள். போஸ்டர், பொம்மை எல்லாம் வேறு கணக்கு, புத்தக பில்லில் கலக்க விடாதீர்கள். தணிக்கைக்கு வருபவர் "காமிக்ஸுக்கு இவ்வளவா?" என்று கேட்பார். அதற்குப் பதில் ஆறாம் படியில் இருக்கிறது.

5. முத்திரை, பார்கோடு, பட்டியல்

எங்கள் முதல் 40 புத்தகங்கள் வந்த அன்று மாலை, உதவிக்கு வந்த தம்பி எல்லாவற்றிலும் வழக்கம்போல அட்டையைத் திருப்பி, முதல் பக்கத்தில் நூலக முத்திரை குத்தி, சேர்க்கை எண் எழுதி, வேகமாக முடித்துவிட்டான். அடுத்த நாள் ஒரு பிள்ளை வந்து, "அக்கா, கதையோட கடைசிப் பக்கத்துல சீல் அடிச்சிருக்கீங்க, செத்தவன் மூஞ்சி மேலயே இருக்கு" என்றாள். நாற்பதிலும் அப்படித்தான். வலமிருந்து இடம் போகும் புத்தகத்தில் நாம் முதல் பக்கம் என்று திறப்பது கடைசிப் பக்கம். விஸ் மீடியா புத்தகங்களில் அந்த இடத்தில் 'தவறான திசையில் படிக்கிறீர்கள்' என்று பெரிதாகவே அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தின் மேலேயே எங்கள் முத்திரை விழுந்திருந்தது.

எளிய வழி: பதிப்பகத்தின் ஐஎஸ்பிஎன் கோடு இருக்கும் அட்டை மேசையில் படும்படி வையுங்கள். இப்போது மேலே தெரிவதுதான் முன்னட்டை. முதுகு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். அதைத் திறந்து முத்திரை குத்துங்கள்.

முதுகுச் சீட்டு ஒட்டும்போது தொகுதி எண்ணை மறைக்காதீர்கள். பிள்ளைகள் தேடுவது அந்த எண்ணை. எல்லாத் தொகுதிகளையும் அடுக்கினால் முதுகுகள் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும் தொடர்களும் உண்டு, 'டிராகன் பால்' அப்படி. அது ரசிகருக்குப் பெரிய விஷயம். ஒளிபுகும் ஒட்டுத்தாள் போட்டு, எங்கள் சீட்டை எல்லாத் தொகுதியிலும் ஒரே உயரத்தில் ஒட்டுகிறோம். 'வாசகர் நேரத்தைச் சேமி' என்ற நூலக அறிவியலர் ரங்கநாதனின் நான்காம் விதி இங்கே ஒரு சீட்டின் உயரத்தில் நிற்கிறது. பிளாஸ்டிக் உறைக்குப் புத்தகத்துக்கு 25 ரூபாய் ஆகிறது. தயங்காமல் போடுங்கள், பசை பைண்டிங் ஆதலால் சீக்கிரம் விட்டுப்போகும்.

புத்தகங்களை வகைப்படுத்தும் டியூயி எண் 741.5952. 741.5 படக்கதை, அடுத்து வரும் 9 நாட்டுவாரிப் பிரிவு, 52 ஜப்பானைக் குறிக்கும். கொரியாவுக்கு 741.59519. ஆனால் எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளை விடத் தொடரின் பெயர் எழுத்துகளும் தொகுதி எண்ணும் போடுவது நல்லது. ஆசிரியர் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு தேடும் பிள்ளைகள் மிகக் குறைவு.

கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. முழுத் தொடருக்கும் ஒரே பதிவு போட்டு எல்லாத் தொகுதிகளையும் அதன் கீழ் சேர்த்தால் வேலை சுலபம்தான். ஆனால் 9ஐ வேண்டுபவர் அந்தப் பிரதியைத் தனியாகத் தேர்ந்தெடுக்காமல் முன்பதிவு செய்தால், எந்தத் தொகுதி முதலில் திரும்புகிறதோ அதை மென்பொருள் எடுத்து வைத்துவிடும். தொகுதிக்கு ஒரு பதிவு போடுங்கள். பட்டியல் பதிவு வடிவமான மார்க்கில் 245ஆம் புலத்தின் 'என்' துணைப்புலத்தில் தொகுதி எண், 246இல் ஜப்பானியப் பெயரும் சுருக்கமும், 490இல் தொடர், 521இல் வயதுக் குறி. மூன்றாம் படியில் சொன்ன நோட்டு 246க்குத்தான் பயன்படப் போகிறது.

ஆசிரியர் பெயரில் ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆங்கிலப் பதிப்பின் அட்டையில் பின்னால் போய்விடும். 'மசாஷி கிஷிமோட்டோ'வில் குடும்பப் பெயர் கிஷிமோட்டோ, அதன் கீழ்தான் பதிவு. இனிஷியலோடு மல்லுக்கட்டிப் பழகிய நமக்கு இது கடினமே இல்லை. 'கிளாம்ப்' என்பது ஒருவர் பெயர் அல்ல, பெண் ஓவியர்கள் சேர்ந்த குழு.

6. மூன்று படிவங்கள் முதல் நாளே தயாராக இருக்கட்டும்

ஒன்று, கொள்கைக் குறிப்பு. ஒரு பக்கம் போதும். எந்த வயதுக்குறி வரை வாங்குகிறோம், யாருக்குத் தருகிறோம், ஏன் வாங்குகிறோம். நிர்வாகக் குழுவிடம் கையெழுத்து வாங்கித் தேதி போட்டு வையுங்கள். தணிக்கையாளர் கேள்விக்கு இதையும், எத்தனை முறை புத்தகம் வெளியே போனது என்ற கணக்கையும் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு, பெற்றோர் ஒப்புதல். உறுப்பினர் படிவத்தோடு இணைத்துவிடுங்கள். '13க்கு மேல்', '16க்கு மேல்' என்று இரண்டு கட்டம், பெற்றோர் கையெழுத்து. தனியாக அனுப்பினால் திரும்பி வராது.

மூன்று, ஆட்சேபப் படிவம். ஒரு தந்தை, ஆறாம் வகுப்பு மகளின் பையில் அண்ணன் எடுத்த 'டெத் நோட்'டைப் பார்த்துவிட்டுக் கோபமாக வந்தார். எங்களிடம் படிவம் எதுவும் இல்லை. நான் பயந்துபோய்த் தொடர் முழுவதையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். செய்திருக்கக் கூடாது. இப்போது வைத்திருக்கும் படிவத்தில் நான்கு கேள்விகள்: எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், முழுதாகப் படித்தீர்களா, நாங்கள் என்ன செய்ய வேண்டும். 15 நாளில் எழுத்தில் பதில் தருகிறோம். அதுவரை புத்தகம் தட்டிலேயே இருக்கும். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, காது கொடுத்துக் கேட்டாலே பாதிக் கோபம் தணிந்துவிடுகிறது.

7. படம் போடுவதற்கு முன்

இணையத் தளத்தில் சந்தா கட்டிய கணக்கில் அனிமேயைத் திறந்து எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிடலாம் என்று தோன்றும். அந்தக் கணக்கு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று அந்தத் தளத்தின் விதியிலேயே இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், கல்வி நிறுவனம் தன் மாணவர், ஊழியர், பெற்றோருக்கு மட்டும் படம் காட்ட இடம் இருக்கிறது. பள்ளி, கல்லூரி நூலகர்கள் அதைப் படித்துப் பார்த்து நிர்வாகத்தின் ஒப்புதலோடு செய்யலாம். எங்களைப் போன்ற தனி நூலகங்கள் அந்தச் சலுகையை நம்பி இறங்கக் கூடாது. உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும்.

புது தில்லியில் ஜப்பான் ஃபவுண்டேஷன் இருக்கிறது, சென்னையில் ஜப்பானியத் துணைத் தூதரகமும் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையமும் இருக்கின்றன. நூலகத்தின் பெயர்த்தாளில் நாள், இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா என்று எழுதி, குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கேளுங்கள். படம் கிடைக்காவிட்டாலும் ஒரு பேச்சாளரோ காகித மடிப்புப் பட்டறையோ கேட்டுப் பார்க்கலாம்.

8. ரசிகர்களோடு பழகுவது

'ஒடாகு' என்றால் தீவிர ரசிகர். 'வீப்' என்பது கேலிச் சொல். தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள், நாம் சொல்லக் கூடாது. 'ஷிப்' என்றால் இரண்டு பாத்திரங்கள் சேர வேண்டும் என்ற ஆசை, இதில் கடும் சண்டை வரும். 'கேனன்' என்றால் மூலக்கதையில் உள்ளது. 'டப்பா சப்பா' என்பது குரல் மாற்றிய படமா, எழுத்து ஓடும் படமா என்ற முடிவில்லாத வாக்குவாதம். க்ரன்சிரோல் என்ற அனிமே தளம் சில தொடர்களைத் தமிழ் டப்பிங்கிலும் தருவதால் இப்போது நம் பிள்ளைகளிடமும் இந்த வாக்குவாதம் வந்துவிட்டது.

பெயருக்குப் பின்னால் வரும் 'ஸான்', 'குன்', 'சாமா' நமக்குப் புதிதல்ல. 'ஸான்' நம் 'ங்க' போல மரியாதை, 'சென்பாய்' பள்ளியில் மூத்தவர். கொங்குப் பக்கத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

'ஸ்பாய்லர்' மிகப் பெரிய குற்றம். கதையில் யார் இறக்கிறார் என்று நூலகர் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. நான் ஒருமுறை சொல்லி, ஒரு பெண்ணின் கண் கலங்கிவிட்டது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் 'எந்தத் தொகுதி வரை படித்திருக்கிறாய்' என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். எல்லாரையும் விடக் குறைவாகப் படித்தவரின் எண்ணோடு பேச்சு நிற்கும்.

'ஸ்கேன்லேஷன்' என்பது ரசிகர்கள் அனுமதியில்லாமல் மொழிபெயர்த்து இணையத்தில் போடும் பக்கங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். திட்டாதீர்கள். ஆனால் நூலகக் கணினியில் திறக்க விட வேண்டாம். ஷுயெய்ஷா பதிப்பகத்தின் 'மங்கா பிளஸ்' செயலியில் நிறையத் தொடர்களின் முதல் அத்தியாயங்களும் புதிய அத்தியாயங்களும் சட்டப்படி இலவசம் என்று காட்டுங்கள். அங்கே தொடங்கிவிட்டு நடுப்பகுதிக்கு நூலகத்துக்கு வருகிறார்கள்.

'காஸ்ப்ளே' என்றால் பாத்திரம் போல உடுத்தி வருவது. 2024 முதல் சென்னையிலும் காமிக் கான் என்ற ரசிகர் விழா நடப்பதால் பிள்ளைகள் உடையைத் தாங்களே தைத்துப் பழகியிருக்கிறார்கள். நூலகத்தில் ஒரு நாள் வைப்பதானால்: ஆயுதம் அட்டை அல்லது தெர்மாகோலில் மட்டும், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை, புகைப்படத்துக்குப் பெற்றோர் கையெழுத்து, அனுமதி கேட்காமல் யாரையும் தொடவோ படம் எடுக்கவோ கூடாது என்று வாசலில் பெரிதாக ஓர் அறிவிப்பு. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 2,300 ரூபாய், அதில் பாதி சுண்டலும் மோரும்.

9. வருடக் கணக்கு

புதிய அனிமேக்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தொடங்குகின்றன. ஒரு காலாண்டுக்கு 'கூர்' என்று பெயர், ஏறக்குறைய 12, 13 வாரம் ஓடும். தொடங்கிய மூன்றாம் வாரம் முதல் தொகுதியைக் கேட்பார்கள், முடிந்த மறுநாள் அடுத்த தொகுதியைக் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு மாதம் முன்பே பட்டியல் பார்த்து ஆர்டர் போடுங்கள். எங்களுக்குப் புத்தகம் வந்து சேர மூன்று முதல் ஆறு வாரம் ஆகிறது.

ஆண்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். முதல் தொகுதிதான் அதிகம் கிழியும், அதிகம் தொலையும். முதல் தொகுதி இல்லாத தொடர் அலமாரியில் அப்படியே கிடக்கும். ஏப்ரல் விடுமுறைக்கு முன் எல்லாத் தொடர்களின் 1, 2 தொகுதிகளையும் எடுத்துப் பார்த்து, விட்டுப்போனதை ஒட்டி, இல்லாததை வாங்கிவிடுங்கள். நாங்கள் அந்தச் சரிபார்ப்பை மார்ச் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை செய்கிறோம். ஜேஜேகே கேட்ட அந்தப் பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, பட்டியலைப் படித்துச் சொல்ல அவன்தான் வருகிறான்.